சிறு கம்பனிப் பங்கு: எதை வாங்குவது என்பதற்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள்

தேட்டமும் திட்டமும் – 17

காங்கேசன்துறையின் சுண்ணாம்புக் கல்லை நம்பி இரண்டு சீமெந்துத் தொழிற்சாலைகள் எழுந்தன. முதலாவது, ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950-ல் இயங்கத் தொடங்கிய அரச தொழிற்சாலை. வடபகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் காட்டியது அதுதான். இரண்டாவது, 1981-ல் பதிவான லங்கா சீமெந்து. சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் துணைக் கம்பனியான இது பொதுமக்களுக்கும் பங்கு விற்றது. கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலிலும் ஏறியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு உற்பத்தி நின்றது. தொழிற்சாலை நின்ற நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பங்குப் பத்திரம் வைத்திருந்தவரிடம் பத்திரம் இருந்தது, கம்பனியின் பெயர் சந்தைப் பட்டியலில் நீண்ட காலம் இருந்தது, சூளை மட்டும் எரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு பங்கு, போர் முடிந்து சந்தை சூடுபிடித்த நாட்களில் மறுபடியும் கைமாறத் தொடங்கியது. தொழிற்சாலை திரும்ப இயங்கும் என்ற நம்பிக்கையே அதன் விலையைத் தூக்கிப் பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பங்கை வாங்கியவரின் கணக்கில் என்ன குறை? மூலப்பொருள் நிலத்தடியிலேயே கிடந்தது. துறைமுகமும் புகையிரதப் பாதையும் பக்கத்தில் இருந்தன. நாடெங்கும் கட்டட வேலைகள் நடந்தன. பின்னால் அரசின் தாய் நிறுவனம் நின்றது. எத்தனை ஆண்டறிக்கைகளைப் புரட்டினாலும் 1990 ஜூனை அவர் கண்டிருக்க முடியாது. அவருடைய கையில் இருந்த முடிவு ஒன்றே ஒன்று: தன் சேமிப்பில் எத்தனையில் ஒரு பங்கை இதில் போடுவது? இருபதில் ஒன்றைப் போட்டவர் மனவருத்தத்தோடு தப்பினார். பாதியைப் போட்டவர் வாழ்க்கையையே திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் அதிகம் வருகிற கேள்வி, “எந்தச் சின்னக் கம்பனிப் பங்கை வாங்கலாம்?” என்பதுதான். ஓய்வூதியம் எடுத்த ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்க்கும் தம்பிமார், கனடாவில் இருந்து பிள்ளைகள் அனுப்பும் காசைப் பார்த்துக்கொள்ளும் அம்மாமார் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். ஒரு கம்பனியின் பெயரை எழுதிப் பதில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு கம்பனிப் பங்குக்கு ஒரு குடும்பத்தின் தேட்டத்தில் இடம் உண்டு என்றே நான் நம்புகிறேன். அந்த இடம் சிறியது, அதன் அளவு வாங்குவதற்கு முன்பே எழுதப்பட வேண்டியது. இன்றைய பகுதி முழுவதும் அதைப் பற்றியதே.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

கொழும்பில் 1896-ல் பங்குத் தரகர்கள் சங்கம் அமைத்தபோது அவர்கள் கைமாற்றியவை பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் பங்குகள். இன்றைய பங்குச் சந்தை 1985-ல் அமைந்தது. இப்போது அதில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கம்பனிகள் இருக்கின்றன.

இந்தியாவில் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் ‘செபி’ 2017-ல் ஓர் அளவுகோல் வகுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பனிகள் பெரியவை, 101 முதல் 250 வரை நடுத்தரம், 251-க்குப் பிறகு வருவன எல்லாம் சிறியவை. சென்னையில் அச்சாகும் முதலீட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு அதே அளவுகோலைக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. நமது சந்தை முழுவதுமே அங்கே ஒரு மூலைக்குள் அடங்கிவிடும்.

கொழும்பில் பிரதான பலகை, அதற்கு அடுத்த படியாகத் திரி சவி பலகை, சிறிய நடுத்தர முயற்சிகளுக்கென்று 2018-ல் திறந்த எம்பவர் பலகை என்று பிரிவுகள் உண்டு. ஆனால் பலகையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிரதான பலகையிலும் மிகச் சிறிய கம்பனிகள் இருக்கின்றன.

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கம்பனிக்கு 10 கோடிப் பங்குகள், விலை 12 ரூபா என்று வையுங்கள். சந்தை மதிப்பு 120 கோடி ரூபா. அதில் 90 வீதத்தைத் தாய்க் கம்பனியும் இயக்குநர்களும் வைத்திருந்தால் பொதுமக்கள் கையில் இருப்பது 12 கோடி ரூபாப் பெறுமதி. நாளாந்தம் விற்று வாங்கப்படுவது இந்தப் பன்னிரண்டு கோடிக்குள்ளேதான். கொழும்பில் ஒரு நல்ல வீட்டுக்காணி விற்கும் விலையோடு இதை வைத்துப் பாருங்கள். பணமுள்ள இரண்டு மூன்று பேர் நினைத்தால் இந்தப் பங்கின் விலையை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பது அப்போது விளங்கும்.

பிறகு எதற்காகப் பார்க்க வேண்டும்?

பெரிய வங்கி ஒன்று தன் இலாபத்தை இரண்டு மடங்காக்கப் பல வருடம் எடுக்கும். சிறிய கம்பனி ஒரு புதிய இயந்திரத்தால், ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்தால், அதை இரண்டு வருடத்தில் செய்துவிடலாம். தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பெரிய கம்பனிகளையே சுற்றி நிற்பார்கள். சிறியவற்றை ஆராய ஆளில்லை. கவனிப்பாரற்ற இடத்தில் சில நல்ல பொருட்கள் மலிவாகக் கிடக்கும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை என்று 1981-ல் ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். நியூயோர்க் சந்தையில் பல பத்தாண்டுக் கணக்குகளைப் பார்த்தபோது, மிகச் சிறிய கம்பனிகளின் பங்குகள் பெரியவற்றைவிட அதிகம் ஈட்டியிருந்தன. அந்த ஆய்வு வந்த பிறகு அந்த மேலதிக ஈட்டம் மெலிந்துவிட்டது என்று பின்வந்தவர்கள் எழுதினார்கள். விவாதம் இன்றும் தீரவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 1926-லிருந்து பட்டியலில் இருந்த ஏறத்தாழ 26,000 பங்குகளை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, தம் ஆயுள் முழுவதும் சேர்த்தும், ஒரு மாதத் திறைசேரி உண்டியல் தந்ததைக்கூடத் தரவில்லை. சந்தை உண்டாக்கிய நிகரச் செல்வம் முழுவதையும் 4 வீதமான கம்பனிகளின் கணக்கிலேயே வைத்துவிடலாம். உலகின் மிகப் பெரிய சந்தையிலேயே நிலைமை இது. ஒரே ஒரு சிறு கம்பனியில் எல்லாவற்றையும் போடுகிறவர், அந்த நூறில் நான்கு தன் கையில் அகப்பட்டிருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறார்.

நம் நாட்டில் அப்படி ஒரு பங்கு எக்ஸ்போலங்கா. சரக்கு அனுப்பும் தொழில். 2020-ன் கொரோனா முடக்கத்தின்போது சில ரூபாவுக்கு வாங்கக் கிடந்தது. உலகெங்கும் கொள்கலன் தட்டுப்பாடு வந்து கப்பற் கட்டணமும் விமானச் சரக்குக் கட்டணமும் பலமடங்காக உயர, 2022 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ரூபாவுக்குப் போனது. கட்டணங்கள் இறங்கியதும் பங்கும் இறங்கியது. கடைசியில் ஜப்பானிய உரிமையாளரான எஸ்ஜீ ஹோல்டிங்ஸ் 2024-ல் பங்குக்கு 185 ரூபா கொடுத்து, கம்பனியைப் பட்டியலில் இருந்து எடுத்துக்கொண்டது. 2020-ல் வாங்கிக் காத்திருந்தவருக்கு அது பெருஞ்செல்வம். உச்சத்தில், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று கடன்பட்டு வாங்கியவருக்கு அதே பங்கு பெரிய அடி.

விற்க முடியாத நாள்

சிறு கம்பனிப் பங்கில் விலை விழுவதைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், வாங்க ஆள் கிடைக்காத நாளைப் பற்றியது.

குடாநாட்டின் கரையோரக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் மெல்லிய படையாக, உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவாக இறைத்தால் வருடம் முழுவதும் நல்ல தண்ணீர். இயந்திரத்தைப் பூட்டி ஒரே நாளில் இறைத்தால் உவர் ஏறிவிடும். சிறு கம்பனிப் பங்குக்கும் தாங்கும் இறைப்பு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு இரண்டாயிரம் பங்கு கைமாறும் கம்பனியில் நீங்கள் ஐம்பதாயிரம் பங்கு வைத்திருந்தால், அவசரத்துக்கு விற்கும்போது விலையை உடைக்கப்போவது நீங்களே.

இதைக் காசாகவே பார்ப்போம். ஒரு பங்கை விற்க வந்தவர்கள் 10.20 ரூபா கேட்கிறார்கள். வாங்க நிற்பவர்கள் 9.50 ரூபா தருவதாகச் சொல்கிறார்கள். சிறு பங்குகளில் இப்படி இடைவெளி சாதாரணம். நீங்கள் 5,000 பங்கு வாங்குகிறீர்கள்: 51,000 ரூபா. தரகும் வரியும் ஏனைய கட்டணங்களும் சேர்ந்து 1.12 வீதம், அதாவது 571 ரூபா. மறுநாள் வீட்டில் ஒரு அவசரம். 9.50-க்கு விற்றால் 47,500 ரூபா, அதிலும் 1.12 வீதம், 532 ரூபா போகும். கைக்கு வருவது 46,968. கம்பனிக்கு ஒரு கெடுதலும் நடக்காமலே ஏறத்தாழ 4,600 ரூபா, நூற்றுக்கு ஒன்பது ரூபா, ஒரு நாளில் போய்விட்டது.

ஆகவே பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம், அடுத்த வருடக் கலியாணச் செலவு, அப்பாவின் சத்திரசிகிச்சைக் காசு எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. குறைந்தது ஐந்து வருடமாவது தேவைப்படாது என்று மனமறிந்து சொல்லக்கூடிய காசு மட்டும் வரலாம்.

காதுக்கு வரும் பங்கு

2008 இறுதியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1,503-ல் நின்றது. போர் முடிந்த 2009-ன் இறுதியில் 3,385. 2010 இறுதியில் 6,635. 2011 பெப்ரவரியில் 7,800-ஐத் தொட்டது. இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஐந்து மடங்கு.

அந்த நாட்களில் வேகமாக ஏறியவை நல்ல வங்கிகளும் நல்ல தொழிற்சாலைகளும் மட்டும் இல்லை. இலாபமே காணாத, பொதுமக்கள் கையில் கொஞ்சப் பங்கே இருந்த கம்பனிகளும் வாரக்கணக்கில் பலமடங்கு ஏறின. வழிமுறை எங்கும் ஒன்றுதான். சிலர் சேர்ந்து பங்கைச் சத்தமில்லாமல் சேர்ப்பார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே விற்று வாங்கி விலையை ஏற்றுவார்கள். ‘பெரிய புள்ளி ஒருவர் வாங்குகிறாராம்’ என்ற கதை பரவும். வெளியாட்கள் தரகரிடம் கடன் எடுத்து உள்ளே வருவார்கள். வந்ததும் முதலில் சேர்த்தவர்கள் தங்கள் பங்கை அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு தரகர் கடனுக்குக் கட்டுப்பாடு போட்டது. சில பங்குகளுக்கு நாளாந்த விலை எல்லை வைத்தது. எதிர்ப்பு பலமாக வந்தது. ஆணைக்குழுவின் தலைவி இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார். 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000-க்குக் கீழே இறங்கியிருந்தது. 2011 பெப்ரவரி உச்சத்தைச் சந்தை திரும்பத் தாண்டியது 2021-ல். சந்தை முழுவதற்குமே பத்து வருடக் காத்திருப்பு என்றால், கதையை நம்பி வாங்கிய சிறு பங்குகள் பலவற்றின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

2021-ல் புதிய பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் வந்து ஆணைக்குழுவின் கையைப் பலப்படுத்தியது நல்ல செய்தி. ஆனால் சட்டம் தண்டனை கொடுக்கும்போது உங்கள் காசு போய் முடிந்திருக்கும். இன்று கதை பரவுவது வாட்ஸ்அப் குழுக்களில். “அண்ணை, இது அடுத்த மாதம் இரட்டிக்கும், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்று ஒரு செய்தி வந்தால், அது உங்களுக்கு வருவதற்கு முன் எத்தனை பேரைக் கடந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காதுக்கு வந்த பங்கை வாங்காமல் விடுவதால் யாரும் ஏழையாகவில்லை.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம்

ஒல்லாந்தர் காலத்தில், 1706–07-ல், தொகுக்கப்பட்ட தேசவழமை நம் குடும்பச் சொத்தை மூன்றாகப் பார்த்தது. முன்னோரிடமிருந்து வந்த முதுசம், பெண்ணோடு வந்த சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்த்த தேடிய தேட்டம். மூன்றுக்கும் வேறு வேறு உரிமை, வேறு வேறு வழி. எல்லாக் காசும் ஒரே காசு என்று அந்த வழமை நினைக்கவில்லை. முதலீட்டிலும் இந்தப் பிரிப்பு நமக்கு உதவும் என்று நான் நினைக்கிறேன்.

முதுசக் காணியை விற்றுப் பங்கு வாங்காதீர்கள். சீதனமாக வந்த நகையை அடகு வைத்துப் பங்கு வாங்காதீர்கள். அவை இன்னொருவருடைய உழைப்பு. அடுத்தவர்களுக்கும் போய்ச் சேர வேண்டியவை. தேடிய தேட்டத்தில், அதிலும் ஒரு சிறு பகுதியில் மட்டுமே சிறு கம்பனிகளுக்கு இடம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் சொத்தை எடுத்தால் காணி, நகை, நிலையான வைப்பு என்று மூன்றில் முடிந்துவிடும். இவை பாதுகாப்பானவை என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆனால் வலிகாமம் வடக்கில் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாமல் இரண்டு மூன்று தசாப்தங்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கிடந்தவர்களை நமக்குத் தெரியும். நிலையான வைப்பின் கதையை 2022 காட்டியது. 2021-ல் ஒற்றை இலக்க வட்டிக்குக் காசைக் கட்டியவர்கள், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனபோது, வங்கிப் புத்தகத்தில் தொகை குறையாமலே ஏழையானார்கள்.

அதே 2022-ல் பங்குகளும் காப்பாற்றவில்லை. 2021 இறுதியில் 12,226 இருந்த சுட்டெண் 2022 இறுதியில் 8,489-க்கு விழுந்தது. ஏப்ரலில் சந்தை ஒரு வாரம் மூடியே கிடந்தது. ஆனால் கடன்படாமல் வாங்கி வைத்திருந்தவர் காத்திருந்தார். 2023 இறுதியில் 10,654. 2024 இறுதியில் 15,944. பணவீக்கத்துக்கு ஈடுகொடுத்து வளரக்கூடிய ஏதாவது ஒன்று தேட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும், அதற்குள் போன காசு அவசரமில்லாத காசாக இருக்க வேண்டும் என்பதற்கும் இந்த நான்கு எண்களும் சாட்சி.

இனி அளவு. வீடு, வளவு, நகை தவிர்த்து ஒரு குடும்பத்திடம் 50 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைப்போம். ஒரு வருடச் செலவும் வரப்போகும் கடமைகளும் வங்கியில், சென்ற வாரம் பார்த்த திறைசேரி உண்டியலில் இருக்கட்டும். எல்லாப் பங்குகளுக்கும் சேர்த்து 10 இலட்சம். அதில் முக்கால்வாசி நிலைபெற்ற பெரிய கம்பனிகளுக்கு. மிஞ்சும் இரண்டரை இலட்சம் சிறு கம்பனிகளுக்கு. மொத்தத்தில் 5 வீதம். அந்த இரண்டரை இலட்சத்தை வெவ்வேறு தொழில்களில் உள்ள ஐந்து கம்பனிகளில் 50,000 வீதம் பிரியுங்கள்.

இரண்டு கம்பனிகள் அடியோடு போனாலும் நட்டம் ஒரு இலட்சம். மொத்தச் சேமிப்பில் 2 வீதம். கவலைதான், ஆனால் வீட்டில் சண்டை வராது, பிள்ளையின் படிப்பு நிற்காது. ஒன்று ஐந்து மடங்கானால் அந்த இரண்டின் நட்டத்தையும் கட்டி இன்னும் ஒரு இலட்சம் மிஞ்சும். இதே குடும்பம் 25 இலட்சத்தை ஒரே கம்பனியில் போட்டிருந்தால், காங்கேசன்துறைச் சூளை அணைந்தது போல ஒரு சம்பவம் போதும்.

ஒரு பங்கு நன்றாக ஏறி, 5 வீதமாக இருந்த சிறு கம்பனிப் பகுதி 12 வீதமாகிவிட்டால், எல்லைக்கு மேற்பட்டதைப் படிப்படியாக விற்றுப் பாதுகாப்பான பக்கம் மாற்றுங்கள். ஏறிக்கொண்டிருப்பதை விற்க மனம் கேட்காது. எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்வது இந்த நாளுக்காகத்தான்.

ஆண்டறிக்கையில் முதலில் திருப்ப வேண்டிய பக்கங்கள்

பட்டியலிட்ட எல்லாக் கம்பனிகளின் ஆண்டறிக்கையும் காலாண்டுக் கணக்கும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைவரின் செய்தியையும் வண்ணப்படங்களையும் தாண்டிப் போங்கள்.

முதலில் கணக்காய்வாளரின் அறிக்கை. கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் அவர் ஐயம் எழுப்பியிருந்தால் அந்த இடத்திலேயே அறிக்கையை மூடிவிடலாம். கணக்கை உரிய நேரத்தில் தராத கம்பனிகளைச் சந்தையே கண்காணிப்புப் பட்டியலில் போடுகிறது. அந்தப் பட்டியலையும் பாருங்கள்.

இரண்டாவது, முதல் இருபது பங்குதாரரின் பட்டியலும், பொதுமக்கள் கையில் உள்ள வீதமும். யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, சென்ற காலாண்டில் இருந்து யார் விற்றிருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும்.

மூன்றாவது, காசுப் பாய்ச்சல் கூற்று. இலாபம் வருடா வருடம் கூடுகிறது, தொழிலால் வரும் காசு மட்டும் வரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. நான்காவது, தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல். இயக்குநரின் இன்னொரு கம்பனிக்குக் கடன் போகிறதா என்று அங்கே பார்க்கலாம்.

ஐந்தாவது, வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பது. பளைப் பக்கம் பயணம் போகிறவர்கள் கடல்நீரேரிக் கரையில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்ப்பீர்கள். ஜூல் பவர், பீட்டா பவர் என்ற தலா 10 மெகாவாட் நிலையங்கள் 2014 முதல் இயங்குகின்றன. அவற்றோடு தொடர்புள்ள வின்ட்ஃபோர்ஸ் கம்பனி 2021-ல் பங்கொன்று 16 ரூபாப்படி பொதுமக்களுக்கு விற்றுச் சந்தைக்கு வந்தது. காற்று வஞ்சகம் செய்யவில்லை, இயந்திரமும் நிற்கவில்லை. ஆனால் அன்று உள்நாட்டில் மின்சாரத்தை வாங்கியவர் மின்சார சபை ஒன்றுதான். நாடு நெருக்கடிக்குள் போனபோது மின்சார சபையிடமிருந்து புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தியாளருக்கு வரவேண்டிய கொடுப்பனவுகள் மாதக்கணக்கில் தாமதமாகின. ஓரளவு பெரிய கம்பனிக்கே இது சோதனை. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருக்கும் மிகச் சிறிய கம்பனி அந்த மாதங்களில் சம்பளம் கொடுக்கவே வழியின்றி நிற்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். கம்பனி முறிந்தால் பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பவர். பட்டியலில் இருந்த த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் நீக்கியபோது, வைப்பாளர்களுக்கு வைப்புக் காப்புறுதி ஒரு எல்லை வரை இருந்தது. அந்த எல்லை இப்போது ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் ரூபா. பங்குதாரருக்கு அப்படி ஒரு காப்புறுதி இல்லை.

வாங்கும் வழி

பங்கு வாங்கத் தேவையானது மத்திய வைப்புத் திட்டக் கணக்கு. 2020-லிருந்து பங்குச் சந்தையின் செயலி மூலம் கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். செயலி பிடிபடாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள பங்குச் சந்தைக் கிளைக்கு நேரே போகலாம். தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. உரிமம் பெற்ற தரகரின் கணக்கைத் தவிர, தனி ஒருவரின் கணக்குக்குக் காசு அனுப்பாதீர்கள். ‘உங்களுக்காக நான் வாங்கி வைக்கிறேன்’ என்று சொல்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலிட விரும்பினால் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை அவர்களுடைய பெயரிலேயே வங்கியில் திறக்கச் சொல்லுங்கள். அந்த வழியால் வந்த காசும் அதன் ஈட்டமும் திரும்ப வெளிநாட்டுக்குப் போகலாம். ஊரில் இருக்கும் மாமாவின் கணக்கில் வாங்கினால், பிறகு காசும் சிக்கும் உறவும் சிக்கும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலிட்ட பங்கை விற்று வரும் மூலதன ஈட்டத்துக்கு வரிவிலக்கு உண்டு. பங்கிலாபத்தில் 15 வீதம் கழித்தே கைக்கு வரும்.

ஐந்து கம்பனியின் அறிக்கையைப் படிக்க நேரமோ பொறுமையோ இல்லாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இலங்கையில் 1991-லிருந்து அலகு நம்பிக்கை நிதியங்கள் இயங்குகின்றன. பங்குகளில் முதலிடும் நிதியம் ஒன்றில் சிறு தொகையோடு சேர்ந்தால், பல கம்பனிகளில் ஒரு துளி ஒரு துளியாக உங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

நான் இந்தப் பங்குகளுக்குக் கதவைப் பூட்டாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காசைக் கூட்டிச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிது இல்லை. முப்பதுகளில் மூளாயில் ஊரார் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பினார்கள். இன்று அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலோ, கடலுணவுத் தொழிலிலோ, பனைப் பொருளிலோ ஈடுபடும் ஒருவர் காணி உறுதியை வங்கியில் வைத்துத்தான் வளர வேண்டியிருக்கிறது. எம்பவர் பலகை போன்ற வாசல் அவருக்கும் திறந்திருக்கிறது. கணக்காய்வு செய்த, மறைவில்லாத கணக்கு வேண்டும் என்பதே நுழைவுச் சீட்டு. கவனமாகப் படித்து, அளவாக முதலிடும் ஆயிரம் பேர் குடாநாட்டில் உருவானால், அப்படிப்பட்ட கம்பனிகள் இங்கிருந்தே எழும்ப முதல் கிடைக்கும். கதையை நம்பி அள்ளிக் கொட்டிச் சூடுபட்ட ஆயிரம் பேர் உருவானால், அடுத்த தலைமுறையும் பங்கு என்றாலே சூது என்று ஒதுங்கிவிடும்.

ஆகவே இந்த வாரம் ஒரு பங்கும் வாங்க வேண்டாம். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, வீடு நகை தவிர்ந்த சேமிப்பைக் கூட்டுங்கள். சிறு கம்பனிகளுக்கு எத்தனை வீதம், ஒரு கம்பனிக்கு அதிகபட்சம் எத்தனை ரூபா, எத்தனை வருடம் தொடாமல் இருப்பீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் எழுதப்பட்ட பிறகு கம்பனியைத் தேடத் தொடங்கினால் போதும்.

அடுத்த வாரம்: அலகு நம்பிக்கை நிதியம் ஒன்றின் மாத அறிக்கையை வரி வரியாகப் படிப்போம்.